மோட்டல் பக்கத்துப் பூங்கா

கெல்டர், அயோவா
மே 9, 2006

அன்புத் தங்கை கோராவுக்கு,

நலம்தானே? எனக்கு இங்கே சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. நகர்மன்றத்தில் என் சட்டம் ஒருவர்கூட எதிர்க்காமல் நிறைவேறிவிட்டது. பாலியல் குற்றப் பட்டியலில் பெயர் உள்ள எவனும் இனி எங்கள் பூங்காவிலோ நூலகத்திலோ நீச்சல் குளத்திலோ கால் வைக்க முடியாது. அவற்றுக்கு இரண்டாயிரம் அடிக்குள் குடியிருக்கவும் முடியாது.

நெடுஞ்சாலை மோட்டலில் அப்படி ஒன்பது பேர் இருந்தார்களே, அவர்களைக் கிளப்பவே பக்கத்துக் காலிமனையில் ஓர் ஊஞ்சலும் சறுக்குமரமும் நட்டுப் பூங்கா என்று பலகை மாட்டிவிட்டோம். முப்பது நாளில் மூட்டை கட்ட வேண்டும். யோசனை உன் அக்காவுடையதுதான்!

கடைக்கார ஹார்லன், "உனக்குச் சிலை வைக்கலாம் வெர்னா, ஆனா உன் சைஸுக்கு அவ்வளவு வெண்கலத்துக்கு எங்க போறது?" என்று கிண்டல் செய்கிறார். பத்திரிகையில் வந்த என் படத்தை இதனுடன் வைத்திருக்கிறேன்.

உன்,
வெர்னா


ப்ரூவர்
ஜூன் 20

பாசமுள்ள அக்காவுக்கு,

படத்தை ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டேன். வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறேன். ஆனால் கோபமும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

அந்த ஒன்பது பேரையும் கண்காணிப்பது என் வேலை, உனக்குத் தெரியும். செவ்வாய்தோறும் ஒரே இடத்தில் ஒன்பது கதவையும் தட்டிவிட்டு வருவேன். இப்போது இரண்டு பேர் காரில் தூங்குகிறார்கள். ஒருவன் முகவரி என்ற இடத்தில் 'பாலத்துக்குக் கீழே' என்று எழுதித் தந்தான். நான்கு பேர் எங்கே என்றே தெரியவில்லை. அவர்களுக்காக நான் பரிந்து பேசவில்லை. எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தானே பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு?

இந்தப் பதினாறு வருடத்தில் நான் பார்த்த பிள்ளைகளில் பெரும்பாலோரைத் தொட்டவன், அவர்கள் வீட்டு மேசையிலேயே சாப்பிட்டவன். நம்பிக்கை இல்லையென்றால் உன் ஊர்க் காவல் நிலையப் பதிவுகளை எடுத்துப் பார்.

கோபிக்காதே.
கோரா


கெல்டர்
ஜூலை 2

கோரா,

என் ஊரைப் பற்றி எனக்கே பாடம் நடத்துகிறாயா? பதிவுகளை எடுத்து உன் மூக்கை உடைக்கிறேன், இரு.

வெர்னா


கெல்டர்
ஆகஸ்ட் 6

என் கோராவுக்கு,

மூக்கை உடைக்கத்தான் போனேன். "பழைய குப்பை வெர்னா, எதுக்கு உனக்கு?" என்று காவல் தலைவர் இழுத்தடித்தார். விடவில்லை. நாற்பது வருடத்தில் பதினேழு புகார். முன்பின் தெரியாத ஆள் ஒரே ஒருவன். பூங்காவில் நடந்தது ஒன்றுகூட இல்லை.

பிள்ளைகளின் பெயர்களை மையால் அடித்திருந்தார்கள். முகவரியை அடிக்கவில்லை. 1969 அக்டோபர், எல்ம் தெரு, 412. நம் வீடு. பன்னிரண்டு வயதுச் சிறுமி தனியாக சைக்கிளில் வந்து, தாயின் தம்பி மேல் புகார் சொன்னாள். மறுநாள் தாய் வந்து வாபஸ் வாங்கிவிட்டாள்.

அந்த வீட்டில் அப்போது பன்னிரண்டு வயது உனக்குத்தான்.

எர்வின் மாமா இறந்தபோது, தேவாலயத்தில் எழுந்து அவரைப் போல் உண்டா என்று பேசியவள் நான். நீ உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாய். என்னை மன்னித்துவிடு, கண்ணு. அந்த வயதில் தனியாளாக நிலையப் படி ஏறியிருக்கிறாய். உன் அக்கா என்று சொல்லிக்கொள்ள எனக்கு எவ்வளவு பெருமை என்று எழுதத் தெரியவில்லை.

பதினான்காம் தேதி திங்கட்கிழமைக் கூட்டத்தில் என் சட்டத்தை ரத்து செய்யும்படி நானே கேட்கப் போகிறேன். அடுத்த தேர்தலில் தோற்பேன், போகட்டும். பதினாறு புகார்களை வாசிப்பேன். நம் வீட்டை மட்டும் வாசிக்க மாட்டேன்.

உன் அக்கா,
வெர்னா


ப்ரூவர்
ஆகஸ்ட் 9

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அலுவலகத்திலேயே அழுதேன். நீ என் அக்கா என்று இந்த ஊருக்கே சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

பதினேழையும் வாசி. வாபஸ் வாங்கியது அம்மா, நான் இல்லை. வீட்டு எண்ணையும் சேர்த்துச் சொல். "யாரு அந்தப் பொண்ணு?" என்று எவராவது கேட்டால், நீ பதில் சொல்லாதே. நான் எழுந்து நிற்கிறேன்.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு வந்துவிடுவேன்.

உன் தங்கை,
கோரா