நீங்கள் சட்டை கழற்றிய காலை

அடுத்த வீட்டில் இன்று காணம் அவிக்கிறார்கள். கொள்ளு வேகும் அந்த வாசனை வந்ததும் எனக்கு அடுப்படியில் நிற்க முடியவில்லை. கல்யாணமான புதிதில், காணம் கொழுப்பைக் கரைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, நான் வைத்த மரச்சீனிக் கிழங்கையும் மீனையும் தள்ளிவிட்டு அதைத்தானே மென்றுகொண்டிருப்பீர்கள்.

வயிறு ஒட்டிப்போனது. கன்னம் குழி விழுந்தது. நெஞ்சு மட்டும் அப்படியே புடைத்துக்கொண்டு நின்றது. அது தொண்ணூறுகள், இதையெல்லாம் யாரிடம் கேட்பது என்றே தெரியாத காலம். வெள்ளறடைத் தோட்டத்தில் வியர்த்து ஒழுகினாலும் சட்டையோடுதான் ரப்பர் வெட்டுவீர்கள். குளத்தில் ஒருத்தன், "எலே, பொம்பளையளுக்கு மாதிரி உனக்கும் ஜம்பர் தைக்கணுமா?" என்று கேட்டானாம். நாசமாய்ப் போவான்! அதோடு குளத்துக்குப் போவதை நிறுத்தினீர்கள். கோயிலுக்கும்தான். நம் பக்கத்துக் கோயில்களில் ஆண்கள் சட்டையோடு உள்ளே போக முடியாதே.

மகளுக்குக் கோயிலில் முதல் சோறு கொடுக்க நாள் குறித்தபோது, "நீயே மடியில வச்சு குடு, நான் வெளிய நிக்கேன்" என்றீர்கள். எனக்கு வந்ததே கோபம்!

"அப்பன் இருக்கும்பம் வேற ஆரு குடுப்பா? முதல்ல டாக்டர்ட்ட காட்டிட்டு வாங்க" என்று நெய்யாற்றின்கரை பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

திரும்பி வந்ததும் கதவைச் சாத்தினீர்கள். அதுவரை தொடவே விடாத நெஞ்சில் என் விரலை நீங்களே பிடித்து வைத்தீர்கள்.

"அமுக்கிப் பாரு. வெறும் கொழுப்புன்னா எல்லா இடமும் பொதுபொதுன்னு இருக்குமாம். இது காம்புக்க அடியில வட்டமா, கட்டியா நிக்குது பாத்தியா? பொம்பளையளுக்குள்ள மார்ச்சதையாக்கும் இது. மீசை முளைக்கிற வயசுல வந்து, சிலருக்குப் போவாம நின்னிருமாம். பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா பட்டினி கெடந்தா கரையாது."

சொல்லிவிட்டு அழுதீர்கள். "நான் தின்னு வந்தது இல்லட்டி" என்று திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். அன்று மரச்சீனியைக் கேட்டு வாங்கித் தின்றீர்கள்.

கோயில் வாசலில் சட்டையைக் கழற்றி என்னிடம் தந்தீர்கள். சிலர் உற்றுப் பார்த்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திச் சிரித்தாள். நீங்கள் மகளை மடியில் வைத்துச் சோறு ஊட்டினீர்கள். தின்ற களைப்பில் அவள் உங்கள் வெறும் நெஞ்சில் கன்னத்தை வைத்து உறங்கிப்போனாள்.

அந்த மழைக்காலத்தில் வந்த காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது.

"அப்பாக்க முகம் எனக்கு ஓர்மையே இல்லியேம்மா" என்று மகள் இப்போதும் சொல்வாள்.

"முகம் போட்டும் மக்கா. அந்த நெஞ்சுல நீ கெடந்து உறங்கியிருக்கே" என்பேன்.

அவளுக்கு அது போதும்போல, சிரிக்கிறாள். ஊருக்கு முன்னால் கூசாமல் நீங்கள் நின்றது அந்த ஒரு காலைதானே. எனக்குப் போதவில்லை.