கத்தினவளுக்குத்தான் பந்து

இன்று காலை டவல் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் வழியில், உங்கள் வீட்டுக் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்து வண்டியை நிறுத்திவிட்டேன். வாலிபாலுக்கு முழங்காலில் மாட்டும் பட்டைகள் இரண்டு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. உன் மகள் தாரணி விடுமுறைக்கு வந்திருக்கிறாள். கிட்டே போய் மோந்து பார்த்தேன். சிரிக்காதே. துவைத்த பிறகும் அந்த வேர்வையும் புழுதியும் கலந்த வாடை போகவே இல்லை. நம் காலத்தில் இந்தப் பட்டையெல்லாம் ஏது? முட்டியில் தோல் உரிந்து வந்து, வீட்டில் கேட்டால் "சைக்கிள்ல உழுந்துட்டேன்" என்று எத்தனை பொய் சொல்லியிருப்போம்!

நீ கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. உனக்கு ஒரு நல்ல சேதி வைத்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் நான் செய்த ஒரு தப்பை ஒப்புக்கொண்டாக வேண்டும்.

பதினோராம் வகுப்பில் நாம் ஆடிய இறுதி ஆட்டம் நினைவிருக்கிறதா? மறந்திருக்க மாட்டாய். கடைசிப் பந்து நம் இரண்டு பேருக்கும் நடுவில் தொப்பென்று விழுந்தது. நீ என்னைப் பார்த்தாய், நான் உன்னைப் பார்த்தேன். "நீ எடுப்பேன்னு நெனச்சேன் புள்ள" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். நம் ஊர்க்காரர்களுக்கு மரியாதை கொஞ்சம் ஜாஸ்தி. பந்தியில் "நீங்க உக்காருங்க, நீங்க உக்காருங்க" என்று ஆளுக்கு ஆள் சொல்லி, இலை காலியாகக் கிடக்கும். அதே மரியாதையைக் களத்திலும் காட்டிக் கோப்பையைக் கோட்டைவிட்டோம்.

ராசிபுரம் திரும்பும் பஸ்ஸில் நான் அழுதுகொண்டே வந்தேன். கேப்டன் நீ, அழவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாய். "இனிமே ஆரு 'நான்'னு கத்துறாளோ அவளுக்குத்தான் பந்து. மத்தவ காலை நகத்தி அவ பின்னால போயி நிக்கோணும். உட்டுட்டாள்னா, ஏன்டி உட்டேன்னு ஒருத்தியும் கேக்கப்படாது."

"ரெண்டு பேரு கத்துனா?" என்று கேட்டாள் நம் ஷமீம். அவளுக்கு எதிலும் ஒரு கேள்வி உண்டு.

"மொதல்ல கத்துனவளுக்கு. சண்டை கட்டாதீங்கடி."

அங்கேயே நாம் கத்திப் பழகியதில், கண்டக்டர் கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மிணிகளா, எறங்குன பொறவு கத்துங்க சாமி!"

அடுத்த வருஷம் அதே கோப்பையை வாங்கினோம். தொண்டை கட்டி மூன்று நாள் யாருக்கும் பேச்சு வரவில்லை.

அந்தப் பழக்கம் என்னைவிட்டுப் போகவே இல்லை. என் மாமியாருக்கு மூச்சுத் திணறியபோது வீட்டில் ஐந்து பேர் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "நான்" என்று கத்திவிட்டு ஆட்டோவுக்கு ஓடியவள் நான்தான். ஷமீம் இப்போது சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மொத்தக் கடைக்காரர் வீட்டு மருமகள். கடையில் யார் சரக்கை மாற்றிக் கட்டினாலும் ஏன் என்று கேட்க மாட்டாளாம். பக்கத்தில் போய் நின்று பிரித்துக் கட்டுவாளாம்.

இப்படியெல்லாம் பீற்றிக்கொள்ளும் நான்தான் உன் மகள் விஷயத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தாரணியே என்னிடம் சொன்னாள். "பெரிம்மா, சனிக்கெழம சேலத்துல செலக்சன்."

"நல்லா ஆடிட்டு வா கண்ணு" என்றேன். அவ்வளவுதான். யாரோடு போவாய் என்று கேட்கவில்லை. லாரியில் சென்னைக்குப் போயிருந்த உன் வீட்டுக்காரர், தன் அப்பா பார்த்துக்கொள்வார் என்று நினைத்தார். உன் மாமனார், பள்ளிக்கூடத்தில் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தார். பள்ளிக்கூடத்தில், வீட்டில் பார்த்துக்கொள்வார்கள் என்று. இத்தனை சொந்தம் இருக்கும்போது நான் யார் நடுவில் என்று நானும் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டேன். எட்டு நாள்!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் தனியாகச் சுவரில் பந்தடித்துக்கொண்டிருந்தாள். "ஆரும் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லலீங்க பெரிம்மா" என்றாள். அழக்கூட இல்லை. எனக்குச் சுரீர் என்றது. நேராக உங்கள் வீட்டுக்குள் போனேன்.

"நான் கூட்டிட்டுப் போறேனுங்க மாமா."

உன் மாமனார் நிமிர்ந்து பார்த்தார். "பொட்டப் புள்ளய அத்தன தூரத்துல ஆஸ்டல்ல உட்டா ஒண்ணுன்னா ஆரு பாக்கறது? அப்பன் ரோட்டுல கெடக்கறான். அம்மாளும் இல்ல."

"அதை அப்பறம் பேசலாமுங்க. நாளைக்கு அவ ஆடட்டும்."

உன் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். "ஏனுங்கண்ணா, நாளைக்கு மத்தியானத்துக்குள்ள செலக்சன் தாளுல உங்க கையெழுத்து வேணும். மத்ததெல்லாம் நான்."  "வாரேம்மா" என்றார்.

வந்தார். பகலில் டவுனுக்குள் லாரியை விட மாட்டார்கள் என்று, அயோத்தியாப்பட்டணத்திலேயே கிளீனரிடம் வண்டியை ஒப்படைத்துவிட்டு, டவுன் பஸ் பிடித்து, சவரம் செய்யாத முகத்தோடு மைதானத்துக்குள் ஓடிவந்தார். என் முதுகில் தாளை வைத்துத்தான் கையெழுத்துப் போட்டார்.

தாரணி முதல் இரண்டு பந்தையும் விட்டாள். "நான்" என்று கத்திவிட்டுத்தான் விட்டாள். சாப்பாட்டுத் தூக்கோடு வந்திருந்த ஷமீம் என் கையைப் பிடித்து நசுக்கினாள். ஐயோ என்றுகூட நாங்கள் வாய் திறக்கவில்லை. மூன்றாவதிலிருந்து எடுத்தாள் பார், அடேயப்பா! தரையில் படுத்து எடுத்தாள், கோட்டுக்கு வெளியே ஓடி எடுத்தாள். பட்டியலில் நாலாவது பேர் உன் மகளுடையது. செவ்வாய்ப்பேட்டை மளிகைக்கடை மருமகள் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தாள். மைதானமே திரும்பிப் பார்த்தது.

விடுதியில் சேர்க்கும் நாளில் அண்ணன் மறுபடி லோடு ஏற்றிப் போய்விட்டார். நானும் ஷமீமும் போனோம். உன் மாமனாரும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த விடுதி அம்மா தாளை நீட்டி, "அவசரம்னா கூப்பிட்டதும் யார் வருவீங்க?" என்று கேட்டார்.

நான் ஒரு வாரமாக அந்தப் பதிலைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு நாள் ஒதுங்கி நின்றதற்கு ஈடாக, அந்த இடம் எனக்கு வேண்டும் என்று அத்தனை ஆசைப்பட்டேன். மூச்சை இழுத்து வாயைத் திறந்தேன்.

"நானுங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். உன் மாமனார். "எந்நேரம் கூப்புட்டாலும் வாரேனுங்க. எம் பேத்திக்கு நாந்தானுங்க."

ஒரு நொடி நெஞ்சு வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் கத்தினது அவர். காலை நகர்த்தி அவர் பின்னால் போய் நின்றேன். ஷமீமும் வந்து நின்றாள். தாளை வாங்கித் தன் பேரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். சீக்கிரம் என்று நாங்கள் சொல்லவில்லை. எழுதி முடித்ததும் திரும்பி எங்களைத் தேடினார்.

"இருக்கோமுங்க மாமா" என்றேன்.

ஜெயித்துவிட்டோம் புள்ள. மாதத்துக்கு ஒரு ஞாயிறு அவர்தான் பேத்தியைப் பார்க்கப் பஸ் ஏறுகிறார். முன்னால் அவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்க, அவளுக்குக் கட்டிய முறுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் போகிறேன்.