கொஸ்லந்தயிலிருந்து வந்த கோல்

அன்புள்ள அம்மாவுக்கு நிலுக்ஷி எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

முந்தாநாள் கோல் சென்டரில் ஒரு கூத்து. கொஸ்லந்தயிலிருந்து ஒருவர் பக்கத்து வீட்டுப் போனில் எடுத்து, தன் போன் வேலை செய்யவில்லை என்று, அந்தப் போன் கம்பனியே நான்தான் என்பதுபோல் ஏசித் தீர்த்தார். சரிசெய்து கொடுத்ததும் குரல் தணிந்தது.

“கோவிச்சுக்காத புள்ள. மக பதுளை ஆஸ்பத்திரியில இருக்கா, அதான் கத்திட்டேன். நீ சாப்பிட்டியா?”

சொந்தக் கதை பேசக்கூடாது என்பது இங்கே சட்டம். ஆனாலும், “இன்னும் இல்லைங்க” என்று சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டிருந்த சுப்பர்வைசர் கண்டித்தார். வேலைக்கு ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள்.

ஏசி குளிர் தாங்கவில்லை, என் பழைய சுவெட்டரை அனுப்புங்கள். ஞாயிறு பூசை முடிந்து ஒரு கோல் எடுங்கள். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் எடுங்கள்.

பக்கத்து அறை ரீட்டா அக்கா பதுளை ரயிலுக்குக் கிளம்புகிறார், இந்தக் கடிதத்தை அவர் கையில் கொடுக்கிறேன்.

மகள்
நிலுக்ஷி