ஏழாம் எண் கோப்பை

அன்பு மகள் லியானுக்கு, அம்மா எழுதுவது. நீயும் உன் அலாஸ்காக் குளிரும் ஒருவரோடொருவர் ஒத்துப்போய்ச் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே டெக்சாஸில் நான் நலம், வெயிலும் நலம். உன் அப்பாவும் நலம்தான். இதை நானாகச் சொல்லவில்லை, இரண்டு தடவை ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரே சொன்னது. அந்தப் பொட்டாசியம் உப்பை உடனே நிறுத்து என்று உனக்குப் போனில் ஒரு வரி அனுப்பினேனே, அதற்குக் காரணத்தைத்தான் இப்போது எழுதுகிறேன். பேசிச் சொல்லலாம் என்றால் உன் அப்பா போனைப் பிடுங்கிக் கதையைத் தன் பக்கம் வளைத்துவிடுவார்.

ரொட்டி, உருளைக்கிழங்கு, சோளம் எல்லாவற்றையும் தலைமுழுகிவிட்டு, யார் அதிகம் இளைக்கிறீர்கள் என்று அப்பனும் மகளும் போட்டி ஆரம்பித்தீர்கள் அல்லவா? மூன்றாவது வாரம் சர்ச்சில் பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நின்றபோது உன் அப்பாவுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. மனுஷன் ஒற்றைக் காலில் குதிக்கிறார். ஆடுவதே பாவம் என்று நினைக்கிற நம் சபையில் அது எப்படி இருந்திருக்கும் என்று நீயே நினைத்துப் பார், எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்று மாலையே இன்டர்நெட்டில் யாரோ சொன்னதாக ஒரு டப்பா வாங்கி வந்தார். பார்க்க உப்பு மாதிரியே இருக்கும், ஆனால் முழுக்கப் பொட்டாசியம். காலையில் ஒரு கரண்டி, மாலையில் ஒரு கரண்டி, எலுமிச்சைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தார். கால் பிடிப்பு நின்றதென்னவோ உண்மை. அதோடு நிறுத்தினாரா? தபால்காரர் முதல் முடிவெட்டுகிறவர் வரை எல்லோருக்கும் உபதேசம். உனக்கும் போனில் ஒரு கரண்டி போட்டுக்கொள் என்று சொல்லியிருக்கிறார், அது எனக்கு அப்போது தெரியாது.

போன சனிக்கிழமை தீயணைப்பு நிலையத்துச் சில்லிக் குழம்புப் போட்டி. உன் அப்பாவுக்கு அதில் தீராத வெறி என்பது உனக்குத் தெரியும். மாட்டிறைச்சியும் காய்ந்த மிளகாயும்தான், பீன்ஸ் போட்டவனை ஊரைவிட்டே துரத்துவோம், அதனால் இளைக்கிறவர்களுக்கும் தோதான சாப்பாடு. வழக்கம்போல் ஒவ்வொருவர் சில்லியையும் எண் போட்ட கோப்பைகளில் வைத்தார்கள். எந்த எண் யாருடையது என்று சமைத்தவன் வாய் திறந்தால் ஆட்டத்தைவிட்டு அவுட், அடுத்த வருஷமும் சேர முடியாது. உன் அப்பா நாலு வருஷம் தொடர்ந்து ஜெயித்தவர். நடுவர்களில் ஒருவர் நம் ஆர்வில், பாவம், இரண்டு வருஷமாக டயாலிசிஸில் இருக்கிறாரே, அவரேதான். எதையும் ஒரு வாய்க்கு மேல் தொடக்கூடாது என்று அவர் மகள் சொல்லி அனுப்பியிருந்தாள். கிழவர் கேட்டால்தானே. ஏழாம் எண் கோப்பையை ஒரு தடவை முகர்ந்து பார்த்தார், தன் பக்கம் இழுத்துக்கொண்டார், பெரிய கரண்டியை எடுத்தார். உன் அப்பா முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. அதைப் பார்த்தே அது யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போதுதான் காலையில் குப்பையில் கிடந்த காலி டப்பா ஞாபகம் வந்தது. ஆர்விலுக்குத் தக்காளியும் வாழைப்பழமும்கூட அளந்துதான் தருகிறார்கள், சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியேற்றாதாம், ஏறினால் இதயம் நின்றுவிடுமாம். நான் உன் அப்பாவின் கையைப் பிடித்து, அந்த டப்பா முழுவதும் சட்டிக்குள்ளா போனது என்று காதில் கேட்டேன். ஊருக்கே கால் பிடிப்பு வராதே என்று ஆரம்பித்தவர், பாதியில் ஆர்விலைப் பார்த்தார். நாற்காலி பின்னால் விழ எழுந்து நின்று கத்தினார்.

“ஆர்வில், அதக் கீழ வை! ஏழாம் நம்பர் என்னோடது. அதுல பொட்டாசியம் உப்பு கொட்டியிருக்கேன், உனக்கு ஆகாது!”

ஆர்வில் கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தார். “முப்பது வருஷமா என்னடா போடறேன்னு கேக்கறேன், சொல்லவே மாட்டேன்ன. இன்னிக்கு நான் வாயத் தொறந்தப்பதான் உனக்குச் சொல்லணும்னு தோணிச்சா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உன் அப்பா மட்டும் சிரிக்கவில்லை, அழுதார், இதை நான் எழுதினேன் என்று சொல்லிவிடாதே.

திங்கட்கிழமை அவரை இழுத்துக்கொண்டு மருந்துக்கடை ரமோனாவிடம் போனேன். அவள் முதலில் கேட்டது ஆர்விலைப் பற்றியே இல்லை, நீங்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றுதான். ரத்தக் கொதிப்பு மாத்திரையின் பெயரைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டாள். அந்த மாத்திரையே பொட்டாசியத்தை உடம்பில் தேக்கி வைக்குமாம், அதற்கு மேல் கரண்டி கரண்டியாகக் கொட்டினால் வலி, அறிகுறி எதுவும் இல்லாமலே இதயத் துடிப்பு தடுமாறுமாம். அங்கிருந்தே டாக்டரிடம் போனோம், ரத்தம் எடுத்தார்கள், நல்ல வேளை, ஏறத்தான் ஆரம்பித்திருந்தது. கரண்டியை நிறுத்தினோம், நாலே நாளில் இறங்கிவிட்டது. ஆர்விலுக்காகக் கத்தியிருக்காவிட்டால் இவர் இன்னும் குடித்துக்கொண்டேதான் இருப்பார்.

இப்போது உன் விஷயம். அப்பாவிடமிருந்து உனக்கு வந்த சொத்து இரண்டு, அந்த மூக்கும் அந்த ரத்தக் கொதிப்பும். நீயும் அதே மாத்திரைதானே சாப்பிடுகிறாய்? இந்தப் பத்தியத்தின் முதல் வாரங்களில் உடம்பு தண்ணீரையும் சாதா உப்பையும் வெளியே தள்ளிவிடும், கால் பிடிப்பு பெரும்பாலும் அதனால்தான் என்கிறாள் ரமோனா. அதற்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு சூப் என்று உன் டாக்டரைக் கேள். கீரையும் மீனும் காளானும் தட்டில் இருக்கட்டும், டப்பா வேண்டாம். நாளைக்கே ரத்தம் கொடு, வந்த எண்ணை எனக்கு எழுது. இளைத்தது போதும், நீ இருந்தால் போதும் எனக்கு.

கடவுள் உன் நெஞ்சை ஒழுங்காகத் துடிக்க வைக்கட்டும். அப்பாவின் அளவுக் கரண்டியை இத்துடன் அனுப்பியிருக்கிறேன், இங்கே இருந்தால் அவர் கை சும்மா இருக்காது. காபிக்கு வைத்துக்கொள்.

உன் அம்மா
வெர்னா

கீழே அப்பா எழுதுவது: லியான், ஒரு கரண்டி போட்டுக்கோன்னு உனக்குச் சொன்னது நான்தான். தெரியாம சொல்லிட்டேன் கண்ணு. ரத்தம் குடுத்துட்டு எனக்குத்தான் முதல்ல போன் பண்ணு, அதுவரைக்கும் போன் பக்கத்துலயே உக்காந்திருப்பேன். ஏழாம் நம்பர்தான் ஜெயிச்சிருக்கும்.