நீ மாற்றிக் கொடுத்த பதில்

உன் மேஜையின் கீழ் இழுப்பறையைத் திறந்ததும் சந்தன ஊதுபத்தி வாசம் குப்பென்று வந்தது. நீ கண்ணை மூடி மூன்று மாதமாகிறது; இன்றைக்குத்தான் அதைத் தொட மனசு வந்தது. உள்ளே நஞ்சன்கூடு அம்மாவின் ஃபைல். அவருடைய பத்தித் தொழிற்சாலைக் காகிதம் எல்லாமே அப்படித்தான் மணக்கும்.

பிரித்துப் பார்த்தவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வெளிநாட்டுக்கு அனுப்பிய பத்திக்கு வரி கேட்டு அவருக்கு நோட்டீஸ் வந்ததே, அந்த ஃபைல். பதில் எடுபடாவிட்டால் தொழிற்சாலையை மூட வேண்டியதுதான். பத்தி உருட்டும் நாற்பது பெண்களுக்கும் வேலை போய்விடும். "ஸ்வல்ப பொறு குரு. ஏற்றுமதி வரி மட்டுமே பார்க்கிற மேடம் ஒருத்தர் பெங்களூர்ல இருக்காங்க. ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்" என்றாய். மைசூர்க்காரன் நீ, கூட்டாளியையும் குரு என்றுதான் கூப்பிடுவாய். எனக்குச் சுருக்கென்றது. "இருபது வருஷமா கணக்குப் பார்க்கறேன், ஒரு நோட்டீசுக்குப் பதில் எழுதத் தெரியாதா எனக்கு?" என்று கத்தினேன். நானே எழுதி உன்னிடம் நீட்டினேன். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துப் பார்த்த பிறகே வெளியே அனுப்புவது நம் வழக்கம். "படிச்சுட்டு, அம்மாகிட்ட கையெழுத்து வாங்கி நானே கொடுத்துடறேன்" என்று பையில் வைத்துக்கொண்டாய்.

நோட்டீசைக் கைவிட்டார்கள். அதன்பிறகு எத்தனை பேரிடம் பீற்றிக்கொண்டேன்! உன் எதிரிலேயே. நீ காபியை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டுவாய், கிராதகா.

ஃபைலில் இருந்தது நான் எழுதிய பதில். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் யாரோ அடித்திருந்தார்கள். கடைசியில் ஒரு குறிப்பு: "இதைக் கொடுத்தால் தப்பை நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும்." அதற்கடியில், வரி அலுவலக முத்திரையோடு, உண்மையில் கொடுத்த பதிலின் நகல். நான் எழுதிய வாக்கியம் ஒன்றுகூட அதில் இல்லை.

நம்ப முடியாமல் அந்த அம்மாவுக்கே போன் போட்டேன். "ஹௌது சார், ஆமா, பெங்களூர் மேடம் எழுதினதுதான். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு உங்க கூட்டாளி சத்தியம் வாங்கிட்டார்" என்றார். என்னை இத்தனை வருஷம் முட்டாளாக்கி வைத்திருந்தாயே என்று கோபம்தான் முதலில் வந்தது. அப்புறம் அந்த நாற்பது பெண்களை நினைத்தேன். நான் எழுதியதே போயிருந்தால் அத்தனை பேரும் தெருவில் நின்றிருப்பார்கள்.

என் மேஜையில் விஜயநகர் தம்பதியின் காகிதங்கள் கிடந்தன. ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிறவர்கள். வெளிநாட்டில் இறந்துபோன மகனின் வீடு அங்கே அவர்கள் பேருக்கு வரப்போகிறது. அந்த ஊர்ச் சட்டம் எனக்குத் துளியும் தெரியாது. ஆனாலும் காலையில்தான், வரி எதுவும் வராது, தைரியமாக இருங்கள் என்று பாதிக் கடிதம் எழுதியிருந்தேன். அதைக் கிழித்துப் போட்டேன்.

நஞ்சன்கூடு ஃபைலின் அட்டையில் உன் கையெழுத்தில் அந்த மேடத்தின் நம்பர் இருந்தது. இதற்கு யாரைக் கேட்பது என்றாவது சொல்வார் என்று கூப்பிட்டேன். இத்தனை வருஷம் எதிரே உட்கார்ந்திருந்த உன்னிடம் ஒருமுறைகூடச் சொல்லாததை, முகம் தெரியாத ஒருவரிடம் சொன்னேன்.

"மேடம், இது எனக்குத் தெரியாது."