கிடை போட்ட வயல்

ஞாயிறு, இரவு.

இன்று கொட்டாம்பட்டிப் பக்கம் கண்மாய்க் கரையில் நடந்தோம். எங்கள் நடைக்குழுவுக்கு வாராவாரம் புது வழி பார்த்துச் சொல்பவள் நான்தான். பாதியில் எனக்கு மூச்சு வாங்கியது. எல்லோரும் நின்று காத்திருந்தார்கள். ஜெபராஜ் அருகில் வந்து சிரித்துக்கொண்டே சொன்னார்.

"டீச்சர், இனிமே நீங்க சிரமப்பட வேணாம். வழியை மட்டும் வாட்ஸ்ஆப்ல அனுப்பிருங்க."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். செல்வி செருப்பில் ஒட்டிய சேற்றைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அடுத்த வாரத்துக்கான வழியை அனுப்பிவிட்டேன். ஊருணி, புளியந்தோப்பு, அதைத் தாண்டி அறுத்த வயல். அந்த வயலில் உரத்துக்காக ஆடுகளை மடக்கிக் கிடை போட்டிருக்கிறார்கள். காவலுக்கு இரண்டு நாய்கள். வழி பார்க்கப் போன அன்று கிடைக்காரர் கம்போடு ஓடிவந்திராவிட்டால் என் கெண்டைக்கால் மிஞ்சியிருக்காது. இந்த மாதம் முழுக்கக் கிடை அங்கேதான் என்றார் அவர். இதையெல்லாம் நான் எழுதவில்லை.

ஜெபராஜ் பதிலுக்குக் கும்பிடும் கை எமோஜி போட்டார். சற்று முன்பு செல்வியிடமிருந்து வந்தது: "நல்ல வழி டீச்சர். எம் மகளையும் கூட்டிட்டுப் போறேன்."

அந்தக் குழந்தைக்கு ஐந்து வயது. எந்த நாயைக் கண்டாலும் தடவிக்கொடுக்க ஓடும்.

"கூட்டிட்டுப் போம்மா" என்று பதில் போட்டேன்.