இல்லாத ஆபீசில் ஒரு வேலை

என் அருமை வாயாடி மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். என் தையல் மெஷினும் சுகம், உன் அப்பாவின் குறட்டையும் சுகம்.

வாரா வாரம் போனில் பேசுகிறோமே, இவளுக்கு எதற்குத் திடீரென்று தபால் என்று யோசிப்பாய். என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. ஐந்தாவதோடு நின்றவள் இவ்வளவு எழுதுவதே பெரிசு. காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

மாடி வீட்டுக்காரர் பெண்ணும் இப்போது நீ வேலைக்குப் போகும் முன் வீட்டில் உட்கார்ந்து படித்த அதே கம்ப்யூட்டர் பயிற்சியில் சேர்ந்துவிட்டாள். அவளும் உன்னைப் போலவே மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே பழைய பைஜாமா. இல்லாத ஆபீசுக்கு என்ன அலங்காரம்! நீயும் அப்படித்தானே திரையைப் பார்த்து "குட் மார்னிங் சார்" சொல்லுவாய். அந்த மேனேஜர், பக்கத்து சீட்டுக்காரி, கத்துகிற கஸ்டமர் எல்லாமே கம்ப்யூட்டர் பண்ணின பொம்மைகள், ஒருத்தரும் நிஜமில்லை என்று நீ சொன்னபோது, பொம்மைக்கா இப்படிப் பயப்படுகிறாய் என்று நான் கேலி பண்ணினேன்.

போன வாரம் அந்தப் பெண் ஓடி வந்தாள். ஆன்ட்டி, எனக்கு வேலை சொல்லிக் கொடுக்கிற சீனியர் அப்படியே அக்கா மாதிரி பேசுகிறார்கள், வந்து கேளுங்கள் என்றாள். ஊசியைக் கூடக் குத்தி வைக்காமல் மாடிக்குப் போனேன். உன் குரலேதான். சிரித்து முடிக்கும்போது மூக்கை ஒரு இழுப்பு இழுப்பாயே, அதுவும் இருந்தது. நீ அங்கே பேசியதை எல்லாம் வைத்து உன்னை மாதிரி ஒன்று செய்துவிட்டார்களாம். பரவாயில்லையே, என் பெண்ணை அச்சு எடுத்துவிட்டார்கள் என்று பெருமையாகத்தான் இருந்தது. நான் வாயே திறக்கவில்லை. வந்ததே அதற்குத் தெரியாது. நடுவில் அது பேச்சை நிறுத்தி, ஒரு நிமிஷம், அம்மா கூப்பிடுகிறார்கள் என்றது.

நான் இறங்கி வந்துவிட்டேன்.

இனி சொல்லப் போவதற்குத் திட்டாதே. நீ குளிக்கப் போகும்போதெல்லாம் சீட்டு காலியாக இருந்தால் மார்க் குறையும் என்று என்னை உட்கார வைப்பாயே, ஞாபகம் இருக்கிறதா? கேமராவை மூடிவிட்டு, ம் என்று மட்டும் சொல்லு அம்மா என்பாய். நம் இருவர் குரலுக்கும் உன் அப்பாவே ஏமாறுவார், பொம்மை ஏமாறாதா? ஒருநாள் அந்த மேனேஜர், வேலை தவிர உனக்கு என்ன பிடிக்கும் என்று அக்கறையாகக் கேட்டது. எனக்கு வாய் சும்மா இருக்குமா? என் பூனை என்றேன். பேர் இன்ஸ்பெக்டர், மீசை அப்படி, என் தலையணையில்தான் தூங்கும் என்று அளந்து விட்டேன். பூனை முடி பட்டாலே உனக்கு மூக்கு ஒழுகும். நம் வீட்டில் ஏது பூனை? நீ கத்துவாய் என்று உன்னிடம் மூச்சு விடவில்லை. உன் அப்பாவுக்கும் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை போனில், இன்ஸ்பெக்டர் எப்படி இருக்கிறான் அம்மா என்று கேட்டாய்.

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, நல்லாத்தான் இருக்கிறான், தூங்குகிறான் என்றேன். தெரியும் அம்மா, மூச்சு விடுகிற சத்தம் கேட்கிறது என்றாய்.

அப்போது வீட்டில் நான் மட்டும்தான்.

அதிலிருந்து யோசித்துப் பார்க்கிறேன். வேலைக்குப் போன புதிதில் நீ போன் பண்ணினால் அலுத்துக்கொள்வாய். சரி சரி வைக்கிறேன் என்று பாதியில் வெட்டுவாய். இப்போது கொஞ்ச நாளாக என்ன ஒரு பொறுமை! நான் ஒரே கதையை இரண்டு முறை சொன்னாலும் புதிதாகக் கேட்பது போலச் சிரிப்பு. உன் அப்பா, பெண்ணுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று பூரிக்கிறார். போனுக்கே தலை வாரி உட்காருகிறார் அந்த மனுஷன். அவரிடம் நான் எப்படிச் சொல்வேன்?

உனக்கு வேலை அதிகம், நேரமில்லாமல் உனக்குப் பதில் மாடியில் கேட்ட அந்த அச்சைப் பேச விட்டிருக்கிறாய் என்றால் எனக்குக் கோபமே இல்லை. சத்தியமாக இல்லை. வேறு ஏதாவது என்றால்தான் எனக்குத் தெரிய வேண்டும். அதனால்தான் காகிதத்தில் எழுதி, நீ கொடுத்த ஹாஸ்டல் விலாசத்துக்கு அனுப்புகிறேன். இதை அது படிக்காது என்று நினைக்கிறேன்.

போனில் பதில் சொல்லாதே. உன் கோழிக் கிறுக்கலில் நாலு வரி எழுது. பூனைக் கதைக்கு என்னை நன்றாகத் திட்டி எழுது. அது மட்டும் வந்தால் போதும். வராவிட்டால் நானும் அப்பாவும் ரயில் ஏறி வந்து உன் ஹாஸ்டல் வாசலில் உட்கார்ந்துவிடுவோம், உனக்குத்தான் மானம் போகும்.

வரும் ஞாயிறும் போன் வரும். நான் எடுப்பேன்டி. எடுக்காமல் இருக்க மனசு வரவில்லை. அதுவும் அம்மா என்றுதானே கூப்பிடுகிறது.

வேளைக்குச் சாப்பிடு. நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் பதிலுக்கு வாசலையே பார்த்திருக்கும்
அம்மா